நாடாவிற் பிறந்த நாதம்

ஓசை வேறு, இசை வேறு என்பது பலர்க்கும் உடன்பாடான கொள்கை. சுருதியொடு பொருந்தி ஏழு சுரங்களுள் அடங்கி வருவது இசை. அடங்காது கிடப்பது ஓசை. வண்டிச் சில்லின் கிரீச்சொலியைக் கச்சேரி என்று கொள்வார் ஒருவருமிலர். ஆயினும், சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதியில் இவ்வெல்லைக் கோட்டை வேண்டுமென்றே அழித்து விளையாடிய ஒரு கலை தோன்றியது. தெருவிலும் கடற்கரையிலும் பட்டறையிலும் கேட்கும் ஓசைகளை ஒலிப்பதிவு நாடாவிற் பிடித்து, அந்நாடாவை வெட்டியும், தலைகீழாய் ஓட்டியும், விரைவைக் கூட்டியும் குறைத்தும், துண்டுகளை ஒன்றோடொன்று ஒட்டியும் புதியதோர் இசையாக்குவதே அக்கலை. நாடாவிசை என்று அதனை ஈண்டு வழங்குவாம். அஃது எங்ஙனம் பிறந்தது, எவ்வாறு செய்யப்படுவது, எமது துறைமுகப் பட்டினத்திலே அதற்கு வேண்டிய பொருள் யாது கிடக்கின்றது என்பவற்றை இளைய மாணவர் பொருட்டுச் சிறிது விரித்துரைக்கக் கருதுகின்றோம்.

இக்கலை மேனாட்டார் கண்டதே எனினும், அதன் உட்கிடக்கை எமக்கு முற்றும் புதியதன்று. நிலந்தோறும் கருப்பொருள் வகுத்த தொல்காப்பியர், தெய்வம், உணவு, விலங்கு, மரம், புள் என்பவற்றோடு பறையையும் யாழையும் சேர்த்தெண்ணினார். ஒரு நிலத்தில் எழும் ஒலி, அந்நிலத்து மரத்தையும் மீனையும் போல அவ்விடத்துக்கே உரிய பொருள் என்பது இதனாற் போதரும். நெய்தலுக்கு மீன்கோட்பறையும் நாவாய்ப்பம்பையும் விளரியாழும் உரியன என்பர் பின்வந்த இலக்கண நூலார். நாவாய்ப்பம்பை என்னும் சொல்லைப் படிக்கும்போதெல்லாம் எமக்குத் துறைமுகத்துக் கப்பற் சங்கொலி நினைவுக்கு வருகின்றது. ஏழாம் நூற்றாண்டிலே திருஞானசம்பந்தர் திருக்கோணமலைமேற் பாடிய பதிகமும் கழலும் சிலம்பும் எழுப்பும் ஒலியைச் சொல்லியே தொடங்குகின்றது என்பதை ஓதினோர் அறிவர். இராவணன் கதையோ இன்னும் வேடிக்கையானது. தன் தலையொன்றைக் குடமாகவும், கையைத் தண்டாகவும், உடல் நரம்பையே யாழ் நரம்பாகவும் கொண்டு அவன் சாமகானம் இசைத்தான் என்பது கதை. கையிற் கிடைத்ததைக் கொண்டு இசை செய்தோருள் அவனுக்கு முதலிடம் கொடுத்தல் தகும். அவன் பெயரால் வழங்கும் வெட்டும் கோணேசர் மலையிலேயே உள்ளது.

இனி, நாடா என்பது யாது? மெல்லிய பிளாஸ்திக்கு நாடாவின் ஒரு பக்கத்தில் இரும்பு ஒட்சைட்டுத் துகள் பூசப்பட்டிருக்கும். ஒலி மின்னோட்டமாக மாறி, ஒரு காந்தத் தலையின் வழியே அத்துகள்களைக் காந்தமாக்கும். அவ்வளவே. செருமானியர் ஆக்கிய 'மக்னற்றோபோன்' என்னும் நாடாக் கருவி 1935இல் பெர்லின் நகர வானொலிக் கண்காட்சியில் வைக்கப்பட்டது. போர் முடிந்த பின்னரே அஃது உலகெங்கும் பரவியது. வானொலி நிலையங்களில் நாடா செக்கனுக்கு 15 அங்குலம், அஃதாவது ஏறக்குறைய 38 சதமமீற்றர் ஓடும். இச்சிறு கணக்கிலேதான் முழு வித்தையும் அடங்கியுள்ளது. காலம் நீளமாகிவிட்டது! ஒரு செக்கன் 38 சதமமீற்றர். அரைச் செக்கன் 19. அடிமட்டத்தால் காலத்தை அளக்கலாம். சவர அலகினால் அதனை வெட்டலாம். சரிவாக வெட்டி ஒட்டினால் இணைப்பு காதுக்குப் புலப்படாது. நாடாவின் இரு நுனிகளையும் தம்முள் ஒட்டிவிட்டால் அவ்வோசை முடிவின்றிச் சுழலும். இரட்டை விரைவில் ஓட்டினால் ஓசை ஒரு ஸ்தாயி உயரும். கால அளவு பாதியாகும். தலைகீழாய் ஓட்டினாலோ மணியோசை ஒன்றுமில்லாமையிலிருந்து மெல்லப் பெருகி வந்து, ஈற்றில் ஓர் அடியோடு சட்டென்று நிற்கும். தாளம் போட்டுப் பழகிய காதுக்கு இது விந்தையாக இருக்கும்.

இவ்விளையாட்டை ஒரு கொள்கையாக வகுத்தவர் பாரிஸ் வானொலியிற் கடமையாற்றிய பொறியியலாளர் பியெர் ஷெஃபர். 1948இல், நாடா அவர் கைக்கு எட்டுமுன்னரே, இசைத்தட்டுகளைக் கொண்டு அவர் தொடங்கினார். பாரிஸ் நகரத்துப் பத்திஞோல் புகையிரத நிலையத்திற்குச் சென்று, இயந்திரங்களின் பெருமூச்சையும் ஊதலையும் சில்லுகள் தண்டவாளத்தின் பொருத்துகளைக் கடக்கும் ஓசையையும் பதிந்து வந்தார். அவற்றைத் துண்டு துண்டாக அடுக்கி மூன்று நிமிடத்துக்கும் குறைந்த ஓர் ஆக்கமாக்கினார். அதனையும் அதுபோன்ற வேறு சிலவற்றையும் 1948 ஒக்ரோபர் 5ஆம் நாள் பாரிஸ் வானொலி ஒலிபரப்பியது. இரவுப் புகையிரதத்திலே கல்லோயாச் சந்தி கடந்து திருகோணமலைக்கு வந்தவர் எவரும், தண்டவாளத் தாளத்திற்குத் தம் மனமே சொற்கட்டு அமைத்துக்கொள்வதை உணர்ந்திருப்பர். ஷெஃபர் செய்தது அதனினும் சிறிதே அதிகம் என்று சொல்லலாம். ஆனால் அச்சிறிதிலேதான் கலை இருக்கின்றது.

அவருடைய கண்டுபிடிப்புகளுள் எமக்கு மிகவும் உவப்பானது வெட்டுண்ட மணி. மணியோசையைப் பதிந்து, நா மணியைத் தாக்கும் அத்தொடக்கக் கணத்தை மட்டும் நீக்கிவிட்டு எஞ்சியதைக் கேட்டால், அது மணியாகவே தோன்றாது; குழல் போன்ற ஊதுகருவியின் ஓசையாகத் தோன்றும். ஒரு வாத்தியத்தை இன்ன வாத்தியம் என்று நாம் அறிவது, பெரும்பாலும் அதன் ஒலி தொடங்கும் விதத்தைக் கொண்டே என்பது இதனாற் பெறப்படும். நாதசுரத்தின் தொடக்கத்தை வெட்டினால் யாதாகும், தவிலின் தொடக்கத்தை வெட்டினால் யாது எஞ்சும் என்று மாணவர் செய்து பார்த்தறிக. தவிலில் ஏறக்குறைய ஒன்றுமே எஞ்சாது.

ஷெஃபருக்கு நான்கு ஆண்டு முன்னரே, 1944இல், கெய்ரோ நகரத்து இளைஞர் ஹலீம் எல்தப் என்பார் வானொலி நிலையமொன்றிலிருந்து கம்பிப் பதிவுக் கருவியை இரவல் வாங்கி, பேயோட்டும் 'சார்' என்னும் சடங்கிற் பெண்கள் பாடிய ஒலியைப் பதிந்து, நிலையத்தின் எதிரொலி அறையிலே அதனை உருமாற்றினார். சடங்கின் சொற்கள் கரைந்து, அலை போன்ற ஓசை மட்டும் நின்றது. மேனாட்டு வரலாற்றாசிரியர் பலர் இதனை நெடுங்காலம் மறந்திருந்தனர். கீழைத்தேயத்தவர் செய்தவை அடிக்குறிப்பாய்ப் போவது இத்துறையில் மட்டும் நிகழ்வதன்று.

நாடாவும் கம்பியும் வருமுன்னரே இலங்கையைப் பற்றிய ஓர் ஒலிக்கோவை உருவாகியிருந்தது என்பதைப் பலர் அறியார். 1934இல் பேசில் ரைற் என்னும் ஆங்கிலேயர் இலங்கைத் தேயிலைப் பிரசார சபைக்காக 'இலங்கையின் பாட்டு' என்று பொருள்படும் படமொன்றை எடுத்தார். ஜோன் கிரியேர்சன் தயாரித்த அப்படம் 1935இல் புருசெல்ஸ் நகரத் திரைப்பட விழாவிலே பரிசு பெற்றது. காட்சிகள் இங்கு எடுக்கப்பட்டன. ஒலியோ பின்னர் இங்கிலாந்திலே அமைக்கப்பட்டது. அதனை அமைத்தவர் வோல்ற்றர் லீ என்னும் இசையாக்குநர். நான்கு பகுதிகளுள் மூன்றாவதற்கு 'வணிகத்தின் குரல்கள்' என்று பெயர். தோட்டத்திலும் தென்னந்தோப்பிலும் மக்கள் உழைக்கும் காட்சிகளின்மேல், சந்தை விலை கூறும் குரல்கள், வணிகக் கடிதங்கள், தந்தி ஒலி, கப்பற் செய்திகள் ஆகியன ஒன்றன்மேலொன்றாய்ப் பின்னி வரும். கண் ஒன்றைக் காணக் காது வேறொன்றைக் கேட்கும். இரண்டும் மோதுமிடத்திலே, யாருடைய உழைப்பு யாருடைய கணக்கேட்டிற் சேர்கின்றது என்ற வினா தானாக எழும். தேயிலைக்கு விளம்பரமாக எடுத்த படம் தேயிலை வணிகத்தையே இவ்வாறு காட்டிக்கொடுத்தது நகைச்சுவையானதே.

அப்படத்தில் உரை படிப்பவர் கொழும்பின் புகழ்பெற்ற நிழற்படக் கலைஞரும் பியானோ வித்தகருமான லயனல் வெண்ட். அவர் படிப்பதோ 1681இல் வெளிவந்த றொபேட் நொக்ஸின் நூற் பகுதிகள். நொக்ஸ் யார்? 1660ஆம் ஆண்டு எமது கொட்டியாரக் குடாவிலே, புயலாற் பாய்மரம் இழந்து ஒதுங்கிய 'ஆன்' என்னும் கப்பலிலிருந்து கரையிறங்கி, கண்டியரசனின் ஆட்களாற் பிடிக்கப்பட்டு, ஏறக்குறைய இருபது ஆண்டு சிறையிருந்து தப்பியோடிய மாலுமி. மூதூரிலே வெள்ளைக்காரன் மரம் என்று காட்டப்பட்ட புளியமரம் அவன் கதையைச் சொல்லியே பெயர் பெற்றது. ஆகவே, இலங்கையின் முதல் ஒலிக்கோவையிலே கேட்கும் சொற்கள் எமது குடாக்கரையிற் பிடிபட்டவன் சொற்கள். ஆனால் அக்குடாவின் ஓசை அதனுள் இல்லை. கொட்டியாரத்து அலையுமில்லை, வள்ளத் துடுப்புமில்லை. பிறர் எம்மைப் பதியும்போது தமக்கு வேண்டியதையே பதிவர். அஃது அவர் குற்றமன்று. எமக்கு வேண்டியதை நாமே பதியாதிருந்தோம் என்பதே கருதத்தக்கது.

வேடிக்கைக்குப் பெயர்போன ஆக்கம் ஒன்றினை அடுத்து நோக்குவாம். ஹியூ லெ கேன் என்னும் கனேடிய பௌதிக அறிஞர், ஒற்றாவாவிலுள்ள தேசிய ஆராய்ச்சிச் சபையிலே புதிய இசைக் கருவிகளைச் செய்துகொண்டிருந்தவர். 1955இல் அவர் ஒரே ஒரு நீர்த்துளி விழும் ஓசையைப் பதிந்தார். அவ்வொரு துளியையே வெவ்வேறு விரைவுகளில் மீள மீளப் பதிந்து, ஏறக்குறைய இருபத்தைந்து ஒட்டுகள் போட்டு, இரண்டு நிமிடத்துக்கும் குறைந்த ஓர் இசையாக்கினார். முதலிலே ஒரு துளி, பின்னர் தூறல், பின்னர் துளிகள் சுரவரிசையாய் ஏறியிறங்கும் அருவி, ஈற்றில் மீண்டும் ஒரு துளி. மழையை ஒரு துளியிலிருந்து படைத்த இவ்வித்தையைக் கேட்டுச் சிரியாதார் இரார்.

இதனை நம் மாணவர் கன்னியா வெந்நீர்க் கிணற்றடியிலேயே செய்யலாம். கிணறுகள் ஏழு, வெப்பம் ஒவ்வொன்றுக்கும் வேறு. சுரங்களும் ஏழு என்பதனால் ஒவ்வொரு கிணறும் ஒவ்வொரு சுரம் கொடுக்கும் என்று எவரும் எதிர்பார்க்க வேண்டா. ஒரு கிணற்றின் ஒரு துளியே போதும், எஞ்சியது கணக்கு. துளியைப் பதிந்தபடியே ஓட்டுவதைச் சட்சம் என்று கொள்க. அவ்விரைவை 9/8 மடங்காக்கினால் ரிஷபம். 5/4 மடங்கு காந்தாரம். 3/2 மடங்கு பஞ்சமம். 5/3 மடங்கு தைவதம். இருமடங்கு மேற் சட்சம். இவ்வைந்து துளிகளைக் கையில் வைத்துக்கொண்டால் மோகன இராகம் முழுவதும் கைவசமாயிற்று. ஒன்றை மட்டும் மறவற்க: விரைவு கூடக் கூடத் துளியின் நீளம் குறையும். ஆதலின் மேற் சட்சம் கீழ்ச் சட்சத்தின் பாதி நேரமே ஒலிக்கும்; இடைவெளியை அதற்கேற்ப நீட்டாவிடில் தாளம் சாயும். விபுலாநந்த அடிகள் 1947இல் வெளியிட்ட யாழ்நூலிலே பண்டை யாழ் நரம்புகளின் அளவுகளைக் கணித முறையால் ஆராய்ந்தாரல்லரோ? அவர் நரம்பின் நீளத்தில் நோக்கிய விகிதத்தையே இங்கு நாடாவின் விரைவிற் காண்கின்றோம்.

இலண்டனில் 1958இல் பிபிசி நிறுவனம் இத்தகைய ஆக்கங்களுக்கென ஒரு பட்டறையே அமைத்தது. டாஃப்னி ஓராம் அதனைத் தொடங்கியோருள் ஒருவர். 1963இல் டீலியா டார்பிஷயர் என்னும் பெண்மணி, றொன் கிறெய்னர் எழுதிய மெட்டொன்றை, ஒற்றைத் தந்தியின் மீட்டொலி முதலியவற்றை நாடாவிற் பதிந்து, சுரம் சுரமாய் வெட்டி ஒட்டி உருவாக்கிய 'டொக்ரர் ஹூ' நாடக முகப்பிசையை உலகம் இன்றும் கேட்கின்றது.

எமது அயலிலே இக்கலை வேரூன்ற முயன்ற இடம் அகமதாபாத். 1961இல் கௌதம் சாராபாய், கீரா சாராபாய் ஆகியோரின் முயற்சியால் அங்கு தேசிய வடிவமைப்பு நிறுவனம் எழுந்தது. அவர்தம் சகோதரி கீதா சாராபாய் 1946இல் நியூயோர்க் சென்று, ஜோன் கேஜ் என்னும் இசையாக்குநரிடம் மேனாட்டிசையைப் பயின்று, கைம்மாறாக இந்திய இசையை அவருக்குப் பயிற்றியவர். மனத்தைத் தெளிவித்து அமைதியுறச் செய்தலே இசையின் பயன் எனத் தம் ஆசான் கூறியதைக் கேஜிடம் எடுத்துரைத்தவரும், விடைபெறும்போது ஸ்ரீ ராமகிருஷ்ணரின் அமுதமொழி நூலின் ஆங்கிலப் பதிப்பை அவருக்குக் கொடுத்தவரும் இவரே. ஓசையனைத்தும் இசையாகலாம் எனப் பிற்காலத்திற் கேஜ் வாதித்ததன் பின்னே தட்சிணேசுவரமும் ஓரளவு நிற்கின்றது என்பது இந்துக் கல்லூரி மாணவர்க்குச் சுவையான செய்தியாகும்.

1969இல் கேஜின் நண்பர் டேவிட் ரியூடர், 'மூக்' என்னும் மின்னிசைக் கருவியையும் நாடாக் கருவிகளையும் அகமதாபாத்திலே நிறுவி, ஒரு கூடத்தைத் தொடக்கிவைத்தார். கீதா சாராபாய், ஐ. எஸ். மாத்தூர், அதுல் தேசாய், எஸ். சி. சர்மா, ஜின்ராஜ் ஜோஷிப்புரா ஆகியோர் அங்கு 1972 வரை ஆக்கங்கள் செய்தனர். மாணவராயிருந்த ஜோஷிப்புரா விண்கப்பற் பயணம் ஒன்றை ஒலியாற் கற்பனை செய்து, அதற்கு 2001ஆம் ஆண்டைப் பெயரிலே சூட்டினார். மாத்தூரின் ஓர் ஆக்கத்துக்கு, 'ஒருகால் தம்பூரா வாசித்தேன்' என்னும் பொருளிற் பெயர். பெயரிலேயே குறும்பு தெரிகின்றது. பின்னர் கூடம் ஓய்ந்தது. சுருள்கள் நிறுவனத்து ஆவணக் காப்பகத்திலே உறங்கின. ஏறக்குறைய 45 ஆண்டுகள் கழித்து, 2017 அளவிலே, இலண்டனைச் சேர்ந்த போல் பர்காஸ் என்னும் கலைஞர் அவற்றைத் தேடிக் கண்டார். 2023இல் அவை இசைத்தட்டாக வெளிவந்தன. சுருள்களை வெளியே வீசாது வைத்த காப்பகத்தாருக்கும் அப்புகழிற் பங்குண்டு. வெப்பமும் ஈரமும் மிக்க எமது நாட்டிலே நாடாவுக்குப் பூஞ்சணம் பகை. ஓராண்டு கவனியாது விட்டாலும் துகள் உதிரத் தொடங்கும்.

இவ்வாக்கங்களெல்லாம் இனியனவோ என்று வினவுவார்க்கு, அல்ல என்றே விடை கூறுவோம். பல சலிப்பூட்டுவன. கருவியின் புதுமையிலே மயங்கி, சொல்ல வேண்டியது ஒன்றுமின்றி நீண்டவை சில. ஷெஃபரே தம் முதுமையில், 1986இல் அளித்த பேட்டியொன்றிலே, சுரங்களுக்குப் புறத்தே இசை இல்லை என்பதை அறியத் தமக்கு நாற்பது ஆண்டு சென்றது என மனம் கசந்தார். அவர் முடிபை நாம் முழுதும் ஏற்கோம். மட்பானையைக் கடம் என்று மேடையேற்றியும், நீர்க் கிண்ணங்களை ஜலதரங்கம் என்று தட்டியும் மகிழும் மரபினர் நாம். பானைக்கு அளித்த இடத்தைப் பாலத்துக்கு மறுப்பது எற்றுக்கு?

கிழக்கிலங்கையின் ஓசைப் புதையலுள் முதலிற் சொல்லத்தக்கது மட்டக்களப்பு வாவியின் பாடும் மீன். நிலவு நிறைந்த அமைதியான இரவிலே, கல்லடிப் பாலத்தின் அருகே தோணியை நிறுத்தி, துடுப்பை நீரில் ஊன்றி, அதன் மேல் நுனியைக் காதோடு சேர்த்துக் கேட்பர். மரக்கட்டை நீரின் அதிர்வைக் காதுக்குக் கடத்துகின்றது. இன்று நீரொலிவாங்கி செய்யும் வேலையைத் துடுப்பு என்றோ செய்துவிட்டது. 1848இல் எமர்சன் ரெனன்ற் அவ்வாவியிலே தோணியிற் சென்று கேட்டு, ஈரவிரலால் கண்ணாடிக் கிண்ணத்தின் விளிம்பைத் தேய்த்தாலொத்த மெல்லிய ஒலிகள் பல என்று எழுதிவைத்தார். தோணியின் மரத்திலே காதை வைத்தபோது ஒலி மிகுந்தது என்பதும் அவர் கண்டதே. ஊர்ச் செம்படவர் அதனை ஊரி என்னும் சிப்பியின் ஒலி என்றனர். மீனோ சிப்பியோ என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. விபுலாநந்த அடிகள் அதனை நீரரமகளிரின் இன்னிசையாகக் கண்டு பாடினார். சென்ற நூற்றாண்டின் நடுவிலே மட்டக்களப்பில் வாழ்ந்த இயேசு சபைத் துறவியார் லாங் அவ்வொலியை நாடாவிற் பதிந்தார்; அது வானொலியிலும் கேட்கப்பட்டது. வாவியின் ஆரவாரம் மிகுந்துவிட்ட இக்காலத்தில் அப்பதிவு விலைமதிப்பற்றது.

திருகோணமலைக் கடலுக்கும் ஒரு பாடகர் உளர், உருவத்தாற் பெரியவர். துறைமுகத்தின் வாயிலிலிருந்தே கடலடியிற் பெரும் பள்ளத்தாக்கு ஆழ்ந்து செல்வதால், நீலத் திமிங்கிலம் கரைக்கு மிக அணித்தாக வருகின்றது. 1982 முதல் 'ரூலிப்' என்னும் பாய்க்கப்பலில் வந்த ஆராய்ச்சியாளர் இதனைக் கண்டு, 1984இல் திருகோணமலைக்கு அப்பால் அவற்றின் பாட்டை நாடாவிற் பதிந்தனர். போர் மூண்டதாற் கடலாராய்ச்சி நெடுங்காலம் தடைப்பட்டது. பதிந்த பாட்டை அபிகெயில் அல்லிங்கும் ரோஜர் பெயினும் பின்னர் ஆராய்ந்தனர். பெயின் என்பார் 1970இல் கூனற் திமிங்கிலப் பாடல்களை இசைத்தட்டாக வெளியிட்டு உலகை வியக்கவைத்தவர். அதே ஆண்டில் அலன் ஹோவானெஸ், நியூயோர்க் இசைக்குழுவினர் வாசிக்க, திமிங்கில நாடாவையும் உடன் ஓட்டி ஓர் ஆக்கம் செய்தார்.

எமது கடலின் நீலத் திமிங்கிலப் பாட்டு ஏறக்குறைய இரண்டு நிமிடம் நீளும், மூன்று உறுப்புடையது, ஈற்றுறுப்பு செக்கனுக்கு நூற்றுச் சொச்சம் அதிர்வு கொண்ட நீண்ட ஒற்றைச் சுரம். முதலுறுப்பு மிகக் கீழே, மனிதச் செவியின் வரம்பை ஒட்டிக் கிடப்பது. ஆராய்ச்சியாளர் அதனைக் கேட்பதற்குச் செய்தது நாடாவிசையாளர் செய்த அதே வித்தைதான்: விரைவைக் கூட்டினர். எட்டு மடங்கு விரைவில் மூன்று ஸ்தாயி உயர்ந்து, இரண்டு நிமிடப் பாட்டு கால் நிமிடத்திற் சுருங்கிக் கூவலாய் ஒலிக்கும். விளையாட்டும் விஞ்ஞானமும் இங்கு ஒரே கத்தரியைப் பயன்படுத்துகின்றன. இன்னொன்று: 1960கள் தொடக்கம் உலகக் கடல்களெங்கும் நீலத் திமிங்கிலங்களின் சுருதி ஆண்டுதோறும் சிறிது சிறிதாகத் தாழ்ந்து வருவதை அறிஞர் கண்டுள்ளனர், எமது கடலிலும் அவ்வாறே. காரணம் பற்றி அவரிடை ஒருமைப்பாடில்லை. பழைய நாடாக்கள் இருந்தமையாலேயே அத்தாழ்வு அளக்கப்பட்டது. எதற்காகப் பதிகின்றோம் என்று பதிபவர் எண்ணிய பயன் ஒன்று. பின்வந்தோர் கண்ட பயன் பிறிதொன்று.

இதனைக் கருத்திற்கொண்டு எமது துறைமுகப் பட்டினத்தை நோக்கும்போது சிறிது கவலை உண்டாகின்றது. கிண்ணியாவுக்குப் பாலம் 2009இல் திறக்கப்பட்டது. 396 மீற்றர் நீளம். அதற்கு முன்னர் தலைமுறை தலைமுறையாக மக்கள் 'பாதை' என்று ஊரார் வழங்கும் கடவைப் படகிலே கடந்தனர். பாலம் பெரும் நன்மை. நோயாளியை நள்ளிரவிற் கொண்டுசெல்ல வேண்டிய வீட்டாரைக் கேட்டால் தெரியும். ஆனால் பாதை கரையில் மோதும் ஓசை, சங்கிலி உராயும் ஓசை, சனங்கள் ஏறும்போது பலகை எழுப்பிய ஓசை ஆகியன பாலத்தோடு ஒழிந்தன. கரைவலை இழுப்போர் பாடும் அம்பாவும் அத்தகையதே. பலர் ஒருங்கு இழுத்தற்கு மூச்சை ஒன்றாக்கவே அப்பாட்டுப் பிறந்தது. வலையை இயந்திரம் இழுக்குமிடத்தில் அம்பாவுக்கு வேலையில்லை. அம்பாவின் சொற்களைத் தொகுத்தோர் உளர். ஆனால் சொல்லுக்கும் சொல்லுக்கும் இடையே கயிறு முறுகும் ஓசையும், மணலிற் பதியும் கால்களின் ஓசையும், பாட்டை முந்திக்கொண்டு அலறும் காகங்களும் ஏட்டில் ஏறுவதில்லை. அவை நாடாவிலேதான் ஏறும்.

வீடுகளிலேயே உறங்கும் நாடாக்களும் உள. வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குச் சென்றோர்க்கும், போரினாற் கடல்கடந்தோர்க்கும், வீட்டார் தம் குரலைக் கசெட்டிற் பதிந்து கடிதத்துக்குப் பதிலாக அனுப்பிய காலம் ஒன்றிருந்தது. அக்கசெட்டுகளிலே பேசுவோர் குரல் மட்டுமா கேட்கின்றது? பின்னணியிலே கோவில் ஒலிபெருக்கி, தெருவில் ஐஸ்கிறீம் வண்டியின் மணி, கிணற்றுக் கப்பியின் முனகல், குழந்தையொன்றின் அழுகை, தூரத்தே கப்பலின் சங்கு ஆகியனவும் வந்து குடிபுகுந்திருக்கும். பேசியவர் அவற்றைப் பதிய எண்ணியவரல்லர். இன்று அவையே அருமையானவை. கசெட்டின் நாடா செக்கனுக்கு 4.76 சதமமீற்றரே ஓடும், மிக மெல்லியது, அறுந்தால் ஒட்டுவதற்கும் பொறுமை வேண்டும். ஆதலின் வெட்டி விளையாடுதற்கு அதனைத் தொடவே கூடாது. முதலிற் படியெடுத்து, படியிலே விளையாடுக.

வெட்டுவதற்கு இக்காலத்திற் சவர அலகு வேண்டியதில்லை. கைத்தொலைபேசி பதியும், 'ஓடாசிற்றி' போன்ற இலவசச் செயலி கணினியிலே வெட்டும், திருப்பும், விரைவு மாற்றும். ஒலியைச் சுருக்காத கோப்பாகப் பதிவதே நன்று. சுருக்கிய கோப்பை எட்டு மடங்கு மெதுவாக்கினால், சுருக்கத்தில் இழந்தவை ஓட்டைகளாய்க் கேட்கும். காற்றே பெரும் பகைவன். உட்துறைமுகத்தைப் பார்க்கிலும் பின்குடாவிலே காற்று மிகுதி. தொலைபேசியை ஒரு காலுறைக்குள் நுழைத்தாலே இரைச்சல் பெரிதும் அடங்கும். அழகில்லை, ஆனால் பயன் தரும்.

ஒரு தடையுரையும் வேண்டும். ஒப்பாரியையும் செத்தவீட்டுப் பறையையும், அழுவோர் சம்மதமின்றிப் பதிந்து தலைகீழாய் ஓட்டி விளையாடுதல் தகாது. கோவிற் கருவறையின் ஒலி பற்றியும் அங்குள்ளோரைக் கேட்டே செய்க. மீன் ஏலம் கூறுவோர், பெரும்பாலும், கேட்டால் மகிழ்ந்து குரலை இன்னும் உயர்த்துவர்; அப்படி உயர்த்திய குரல் இயல்பான குரலன்று என்பதையும் குறித்துக்கொள்க.

ஒவ்வொரு பதிவோடும் நாள், நேரம், இடம், காற்றின் திசை, கருவியின் பெயர், ஓசையை எழுப்பியவரின் தொழில் என்பவற்றை எழுதிவைத்தல் வேண்டும். அகமதாபாத்துச் சுருள்களின் உறைகளிலே குறிப்பு இருந்தமையாலேயே இன்னது இன்னாருடையது என்று பிரிக்க முடிந்தது. குறிப்பைத் தாளில் எழுதினாற் போதாது. பதிவின் தொடக்கத்திலே வாயாலும் சொல்லிவைக்க வேண்டும். தாள் கறையானுக்குப் போகும். குரல் ஓசையோடேயே ஒட்டிக்கொண்டு கிடக்கும்.